இடக்கைக்கென்றே செய்த தையல் கத்தரி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

தையற்காரர் வீட்டில் பிறந்தும் 46 வயது வரை எனக்கென்று ஒரு கத்தரி இல்லாமலே இருந்துவிட்டேன். 14 மாதங்களுக்கு முன் இடக்கையால் பிடிப்பதற்கென்றே வடிவமைத்த தையல் கத்தரி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். ஏறத்தாழ 700 ஆண்டுகளாக வாள் வடித்துப் பெயர்பெற்ற செக்கி நகரத்தில் செய்தது அது. ஜப்பானின் கிஃபு மாநிலத்தில் அந்த ஊர் இருக்கிறது. நீளம் 210 மில்லிமீட்டர். அலகுகள் துருப்பிடிக்காத எஃகு. கைப்பிடி கறுப்பு நெகிழி. விலை 68 சிங்கப்பூர் வெள்ளி, அஞ்சல் செலவு தனி. செய்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. இவ்வகைக் கத்தரியைச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவதில் பெரும்பகுதி அந்த வகை முழுமைக்கும் பொருந்தும்.

இந்தக் கத்தரியின் தரத்தைச் சொல்வதற்கு முன், இது எந்த வீட்டுக்குள் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் தாத்தா மதுரைப் பக்கத்துக்காரர். 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்து, சிராங்கூன் சாலைக் கடைவீட்டு ஐந்தடி நடைபாதையில் ஒரே ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டுத் தொழிலைத் தொடங்கினார். அப்பா அந்தத் தொழிலை, அதே வட்டாரத்தில் சந்தையும் உணவங்காடியும் உள்ள தேக்கா நிலையத்தின் மாடிக்குக் கொண்டுசென்றார். 1982இல் திறந்தபோது அந்தக் கட்டடத்துக்கு, தேக்கா என்ற பழைய பெயரின் மாண்டரின் ஒலிப்பைக் கொண்டு, சூஜியாவ் நிலையம் என்று பெயரிட்டிருந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 2000ஆம் ஆண்டில் பெயர்ப்பலகையும் தேக்கா என்றே மாறியது. அந்த மாடியில் எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறை, ரவிக்கையும் பஞ்சாபிச் சட்டையும் பாவாடையும் தைத்து வந்திருக்கிறது. தாத்தா, அப்பா, சித்தப்பா, அண்ணன் அனைவரும் வலக்கைக்காரர்கள். இடக்கைக்காரி நான் ஒருத்திதான்.

தையற்கடையில் ஒருவர் இடக்கைக்காரராக இருப்பது, எழுத்து வேலை செய்யும் வீட்டில் இருப்பதைக் காட்டிலும் பெரிய வேறுபாடு. பேனாவை எந்தக் கையிலும் பிடிக்கலாம். கைபட்டு மை இழுபடும், அவ்வளவுதான். கத்தரி அப்படி இல்லை. எங்கள் கடையில் கத்தரியைப் பிடிப்பவரே மேசைக்கு உரியவர், மேசைக்கு உரியவரே கடைக்கு உரியவர். மற்றவர்கள் தைப்பார்கள், காஜா எடுப்பார்கள், ஹூக் வைப்பார்கள், சேலைக்கு ஓரம் அடிப்பார்கள். வெட்டுவது ஒருவர் மட்டுமே. ஏனெனில், தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு பிசகினால் துணி போய்விடும். பட்டுச்சேலையோடு சேர்ந்து வரும் 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துண்டுக்கு மாற்றுத் துண்டு உலகில் எங்கும் கிடைக்காது.

நான் ஆறு வயதில் முதன்முதலாக அப்பாவின் கத்தரியை எடுத்து, கீழே கிடந்த பாப்ளின் துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்தேன். துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடிந்து சிக்கிக்கொண்டது. அப்பா அதைப் பார்த்து, எனக்குக் கத்தரி வராது என்று முடிவு செய்தார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை, அன்பாகவே சொன்னார். ஆனால் அந்த முடிவு நாற்பது ஆண்டுகள் நீடித்தது. அண்ணனுக்கு 12 வயதில் கத்தரி கிடைத்தது. எனக்கு ஊசி கிடைத்தது.

எங்கள் அப்பத்தா இடக்கையைப் பீச்சாங்கை என்றும் வலக்கையைச் சோத்தாங்கை என்றுமே சொல்வார். அந்தப் பெயர்களிலேயே தீர்ப்பு அடங்கியிருக்கிறது: ஒன்று சோற்றுக்கானது, மற்றது கழுவுவதற்கானது. அவர் கண்முன்னே நான் இடக்கையால் எதையாவது நீட்டினால், வாங்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். கையை மாற்றிய பிறகே வாங்குவார். சாப்பிடுவது, பணம் கொடுப்பது, கோயிலில் திருநீறு வாங்குவது, பெரியவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது ஆகியவற்றை இன்றைக்கும் நான் வலக்கையால்தான் செய்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. எதிரில் இருப்பவரின் மனத்தைக் கருதிச் செய்கிற மரியாதை அது, பழகினால் வந்துவிடும். ஆனால் கத்தரி மரியாதையைச் சேர்ந்ததன்று. அது கைக்கும் எஃகுக்கும் துணிக்கும் இடையிலான ஒரு கணக்கு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது. எல்லாவற்றிலும் நான் தவறு என்று எண்ணிக்கொண்டிருந்தவரை, எது மரியாதை, எது பொருத்தமில்லாத கருவி என்று எனக்கே தெரியவில்லை.

கணக்கு எங்கே இருக்கிறது என்பதை விளக்கிவிடுகிறேன். கத்தரியின் முனை உங்களுக்கு எதிர்ப்புறம் நோக்கியிருக்க, அதைச் சற்றே திறந்து பாருங்கள். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் கத்தரியில் வலப்பக்கத்து அலகு மேலே இருக்கும். வலக்கையால் மூடும்போது கட்டைவிரல் வெளிப்புறமாகத் தள்ளுகிறது, மற்ற விரல்கள் உட்புறமாக இழுக்கின்றன. நாம் அறியாமலே நடக்கும் இந்த விசை, திருகாணிக்கு அப்பால் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. கத்தரி வெட்டுவதற்கு இந்த நெருக்கமே காரணம். கூர்மை அதற்கு அடுத்ததுதான். அதே கத்தரியை இடக்கையில் பிடித்து மூடினால், அதே இயல்பான விசை அலகுகளை விலக்கிவிடுகிறது. கூர்மை எவ்வளவு இருந்தாலும் துணி நடுவே மடியும். இன்னொரு தொல்லையும் உண்டு. வலக்கைக்காரருக்கு, துணியில் சாக்குக்கட்டியால் போட்ட கோடு மேல் அலகின் இடப்புறத்தில் தெளிவாகத் தெரியும். இடக்கையில் பிடித்தவருக்கு அந்த மேல் அலகே கோட்டை மறைத்துவிடும்; எட்டிப் பார்த்து, உத்தேசமாகத்தான் வெட்ட வேண்டும். அப்படி உத்தேசமாக வெட்டிய கைக்குழி வளைவு எப்படி இருக்கும் என்பது தையல் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

உண்மையான இடக்கைக் கத்தரியில் இடப்பக்கத்து அலகு மேலே வரும். முழுக் கத்தரியும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் திருப்பிச் செய்யப்பட்டிருக்கும். கைப்பிடியின் வளைவை மட்டும் மாற்றி, அலகுகளைப் பழையபடியே விட்டுவிட்டு, இரு கைக்கும் ஏற்றது என்று விற்கப்படும் கத்தரிகள் ஏராளம். அவற்றில் ஒன்றுக்கு நானும் ஒருமுறை 22 வெள்ளி கொடுத்தேன். விரல் வலிக்கவில்லை, ஆனால் துணி முன்போலவே மடிந்தது. வாங்குவோர் விளம்பர வாசகத்தை நம்பாமல், மேலே இருப்பது எந்தப் பக்கத்து அலகு என்று பார்த்து வாங்குவது நல்லது.

இனி என் கத்தரியைப் பற்றி எழுதுகிறேன். அது வந்த நாளில் வெட்டிப் பார்த்தபோது மிக மோசமாக வெட்டியது. நான் மனமொடிந்துபோனேன். என் கைதான் காரணம் என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆயிற்று. பல ஆண்டுகளாக வீட்டில் வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்து வெட்டியதில், அலகுகள் விலகாமலிருக்கக் கட்டைவிரலை உட்புறமாக வலிந்து இழுக்கும் பழக்கம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. கட்டைவிரலின் அடியில் காய்ப்பும் ஏறியிருந்தது. சரியான கத்தரியில் அந்த வலிந்த இழுப்பு நேர்மாறான வேலையைச் செய்து, நெருங்க வேண்டிய அலகுகளைப் பிரித்தது. ஆகவே கையைச் சும்மா விடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய படுக்கை விரிப்புகளையும் லைனிங் துணியையும் மூன்று வாரம் நேர்க்கோடாகவும் வளைவாகவும் வெட்டித் தள்ளினேன். ஒரு நாள் இரவு, வேறு எதையோ நினைத்துக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தபோது, துணி தானாகப் பிளந்துகொண்டு போவது போல ஓர் ஓசை கேட்டது. கத்தரி அடிவரை திறந்து நுனிவரை மூடும்போது எழும் அந்த ஒரே சீரான ஓசையை, சிறுவயது முதல் அப்பாவின் மேசையிலிருந்து நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். என் கையிலிருந்து அது வந்தது அன்றுதான் முதன்முறை.

அதன்பின் இந்தக் கத்தரியைக் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் வேறு வேலைக்குப் போய் ஆண்டுகள் சில ஆகிவிட்டன. அப்பாவுக்கு 77 வயது, கை நடுங்குகிறது. வெட்டுவதற்கு வெளியாளைக் கூலிக்கு அழைத்துக்கொண்டிருந்தோம். நானோ 18 ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதிவிட்டுக் கடைக்குத் திரும்பியவள். இந்த 14 மாதங்களில் ஏறத்தாழ 400 ரவிக்கைகளை இந்தக் கத்தரியால் வெட்டியிருக்கிறேன். எனவே அதன் நிறைகுறைகளைப் பற்றிப் பேச எனக்குப் போதிய பழக்கம் உண்டு என்றே எண்ணுகிறேன்.

பருத்தி, பாப்ளின், லைனிங், ரா சில்க் ஆகியவற்றில் இதற்குக் குறையே சொல்ல முடியாது. நான்கு மடிப்புப் பருத்தியை நுனி வரை ஒரே அழுத்தத்தில் வெட்டுகிறது. கைப்பிடி மேல்நோக்கி வளைந்திருப்பதால் கீழ் அலகு மேசையோடு படிந்தே செல்கிறது. துணியைத் தூக்க வேண்டியதில்லை. தூக்காததால் அடிமடிப்பு நகர்வதில்லை. ரவிக்கையின் முன்பாகம், பின்பாகம், கை ஆகிய மூன்றையும் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் தோள் விளிம்பு அரை நூல்கூட விலகாமல் இருக்கிறது. கைக்குழி வளைவில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். கோடு கண்ணெதிரே இருக்கிறது, அலகு கோட்டின்மேல் நடக்கிறது. கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் நீங்கியதால், மாலையில் வரும் பிடரி வலியும் எனக்குக் குறைந்திருக்கிறது.

ஷிஃபானிலும் ஜார்ஜெட்டிலும் அவ்வளவு சிறப்பில்லை. வழவழப்பான எஃகு என்பதால் அந்த மெல்லிய துணிகள் அலகின்மேல் வழுக்கி முன்னே ஓடுகின்றன. கீழே மெல்லிய தாளை விரித்து, துணியோடு சேர்த்து வெட்டினால் நிற்கும் என்பார்கள். ஆனால் துணிக்கத்தரி காகிதத்தைத் தொடவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதை மீற எனக்கு மனம் வரவில்லை. குண்டூசியை நெருக்கமாகக் குத்திச் சமாளிக்கிறேன். காஞ்சிபுரம் பட்டின் சரிகைக் கரையை வெட்டுவதும் இதன் கூர்மையைச் சீக்கிரம் மழுக்குகிறது. சரிகைக்கென்று மட்டும் பழைய கத்தரி ஒன்றைத் தனியே வைத்திருப்பது நல்லது. இடக்கைக்காரரிடம் பழைய இடக்கைக் கத்தரி எங்கிருந்து வரும் என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. இரண்டாவதாக ஒன்று வாங்க வேண்டியதுதான், அதுவும் செலவு.

நீளமும் ஒரு குறையே. அப்பாவின் கத்தரி 10 அங்குலம். மீரட் நகரத்தில் செய்தது. பழைய வண்டிகளிலிருந்து எடுத்த எஃகைக் காய்ச்சி அடித்துக் கத்தரி செய்வதில் நெடுங்காலப் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூர்க் கத்தரிக்கு 2013இல் இந்தியாவின் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கத்தரி அதன் கனத்தாலேயே துணியை அமுக்கிப் பிடிக்கும்; பட்டுப்பாவாடையின் நீண்ட ஓரத்தை எட்டுப் பத்து வெட்டுகளில் முடித்துவிடும். என்னுடையது இலேசானது, அதே ஓரத்துக்குக் கூடுதலான வெட்டுகள் தேவைப்படுகின்றன. இடக்கைக்கு 10 அங்குலக் கத்தரி செய்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் விலை பன்மடங்கு. ரவிக்கைக்கு இந்த 210 மில்லிமீட்டர் போதும். பாவாடையும் திரைச்சீலையும் மிகுதியாக வெட்டுகிறவர்கள் பொறுத்திருந்து பெரியதை வாங்கலாம்.

பெரிய குறை சாணை பிடிப்பதில் இருக்கிறது. ஆறாம் மாதத்தில் கூர்மை தேய்ந்தபோது, கத்தரிக்குச் சாணை பிடிக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் திறமையானவர், ஆனால் கையில் எடுத்த கத்தரிகளையெல்லாம் ஒரே கோணத்தில் இயந்திரத்தில் பொருத்திப் பழகியவர். இடக்கைக் கத்தரியில் விளிம்பின் சாய்வும் திரும்பியிருக்கும் என்பதைக் கவனியாமல் தீட்டிவிட்டார். திரும்பி வந்த கத்தரி பட்டுத்துணியை வெட்டாமல் மென்றது. மறுபடியும் வேறோர் இடத்தில் கொடுத்து, முதல் சாணையின் தவறை நீக்கி, சரியான சாய்வுக்குக் கொண்டுவர 30 வெள்ளியும் இரண்டு வாரமும் ஆயின. தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் என்றால், தேக்காவில் தையற்கடை வைத்திருப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியும். சிராங்கூன் சாலையில் விளக்கலங்காரம் ஏற்றப்பட்டதிலிருந்து ஒவ்வொரு நாளும் துணி மலையாகக் குவியும் காலம் அது.

தையல் இயந்திரம் எனக்கு எப்போதுமே எதிரியாக இருந்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். சக்கரம் வலப்பக்கம் இருந்தாலும், துணியின் பெரும்பகுதி ஊசிக்கு இடப்புறத்தில் கிடக்கிறது. அதைத் திருப்பி வழிநடத்துவது இடக்கையே. வளைவுத் தையலில் நான் அண்ணனைவிட நேர்த்தியாகத் தைப்பேன் என்று அம்மா சொல்வார். அளவு நாடாவும் அப்படியே: ஒரு முகத்தில் ஒரு முனையிலிருந்தும், மறுமுகத்தில் மறுமுனையிலிருந்தும் எண்கள் தொடங்குவதால் அது எந்தக் கையையும் கேட்பதில்லை. எனவே இடக்கைக்காரருக்கென்று விற்கும் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. வேண்டியது கத்தரி ஒன்றுதான்.

அப்பத்தா எனக்குச் சொன்ன கதைகளில் ஒன்றை இந்தக் கத்தரி வந்த பிறகு அடிக்கடி நினைக்கிறேன். எங்கும் இடக்காலைத் தூக்கி வலக்காலை ஊன்றி ஆடும் நடராசர், மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். இராசசேகர பாண்டியன் ஆயகலைகளில் எஞ்சியிருந்த பரதத்தைக் கற்கத் தொடங்கியபோது அவனுக்கு உடல் நொந்ததாம். சற்று நேரம் ஆடிய தனக்கே இவ்வளவு நோவென்றால், ஓயாமல் ஒரே காலில் நின்றாடும் இறைவனுக்கு எப்படியிருக்கும் என்று கலங்கி, கால் மாறி ஆட வேண்டும் என்று மன்றாடினானாம். இறைவனும் மாற்றி ஆடினார். அப்பத்தா இதை எத்தனையோ இரவு, தேக்கா அடுக்குமாடி வீட்டில் என் தலையைக் கோதியபடி சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் என் இடக்கையிலிருந்து கரண்டியை வாங்கி வலக்கையில் வைப்பார். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பிருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை.

கத்தரியைக் கடைக்குக் கொண்டுவந்த முதல் வாரத்தில் ஒரு மதியம், அப்பா சாப்பிட்டு முடித்துக் கடைக்கு வந்தார். மேசையில் கிடந்த புதிய கத்தரியைக் கண்டு, கருவி மேல் ஆசை கொண்ட எந்தத் தொழிலாளியும் செய்வதுபோல, அதை எடுத்து எடை பார்த்தார். பிறகு வலக்கையில் மாட்டிக்கொண்டு, தாமே சாக்கால் ஒரு கோடு போட்டு, லைனிங் துண்டு ஒன்றை வெட்டத் தொடங்கினார். துணி மடிந்தது. துண்டைத் திருப்பிப் போட்டு மறுபடி வெட்டினார், மறுபடியும் மடிந்தது. மூன்றாம் முறை முகத்தைக் கத்தரிக்கு மிக அருகே கொண்டுபோய், அலகுக்குப் பின்னால் மறைந்த கோட்டைத் தேடினார். 60 ஆண்டுகள் துணி வெட்டிய கை அது.

"ஏன் தாயி, இது வெட்டமாட்டேங்குதே?" என்று கேட்டார்.

"உங்க கத்தரி எனக்கு இப்படித்தான்ப்பா இருந்துச்சு" என்றேன். குத்திக்காட்டும் எண்ணம் எனக்கு இல்லை, உள்ளதைச் சொன்னேன்.

அவர் கத்தரியைக் கழற்றி மேசையில் வைத்தார். கட்டைவிரலின் பக்கவாட்டில் கைப்பிடி அழுத்திய சிவப்புத் தடம் பதிந்திருந்தது. அதைச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, தம்முடைய தங்கையும் சிறுமியாக இருந்தபோது இடக்கையால் கோலம் போடுவாள் என்றும், அவள் கையைத் துணியால் கட்டிப்போட்டு மாற்றினார்கள் என்றும் சொன்னார். அத்தையை நான் வலக்கைக்காரி என்றே நாற்பது ஆண்டுகளாக நினைத்திருந்தேன். அப்பா அதற்குமேல் எதுவும் பேசவில்லை. கோப்பி குடிக்கக் கீழே உணவங்காடிக்கு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் கடையைத் திறக்க வந்தபோது, அவர் எனக்கு முன்பே வந்து, பக்கத்துக் கடை இளைஞர் ஒருவரின் துணையோடு வெட்டும் மேசையை நகர்த்திக்கொண்டிருந்தார். தாத்தா காலம் முதல் எங்கள் மேசையின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியே இருக்கும். வெட்டுபவரின் வலமுழங்கை வீசுவதற்கு வலப்பக்கம் திறந்திருக்கும். அந்தச் சுவரில் என் இடமுழங்கை இடித்துக்கொண்டே இருப்பதை அவர் எப்போது கவனித்தார் என்று எனக்குத் தெரியாது. இப்போது மேசையின் வலப்பக்கம் சுவரோடு இருக்கிறது. சாக்குப் பெட்டியும் குண்டூசி மெத்தையும் இருந்த பலகையையும் மறுபுறம் மாற்றி அறைந்திருந்தார்.

வீட்டாரிலிருந்து மாறுபட்டு இருப்பதைக் குறித்து நான் இத்தனை ஆண்டுகள் இரண்டு விதமாக நடந்துகொண்டிருக்கிறேன். இளமையில் அதை மறைத்தேன். அலுவலகத்தில் இருந்த காலத்தில் அதற்காகக் கோபப்பட்டேன். இரண்டு நிலையிலும் நான் ஒரு கோடுகூட நேராக வெட்டவில்லை. எனக்குத் தேவைப்பட்டது என் கைக்கேற்ற கருவியும், அதைப் பழகுவதற்கு மூன்று வாரப் பொறுமையும். உலகில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். வலக்கைக்காரப் பெற்றோருக்குப் பிறந்தவர்களே அவர்களில் மிகப் பெரும்பாலோர். அப்படியானால் என்னைப் போல வீட்டில் தனியாக நிற்கும் ஒரு கை, தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ இருக்க வேண்டும். அவர்களை மனத்தில் வைத்தே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வாங்க எண்ணுபவர்களுக்குச் சில சொற்கள். நீங்கள் பிறவியில் இடக்கைக்காரராக இருந்தும், வலக்கையால் வெட்டிப் பழகி, அது இயல்பாகிவிட்டிருந்தால் இதை வாங்க வேண்டாம். கையில் ஊறிய திறமையைக் கலைப்பதில் பயனில்லை. வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்துப் போராடுகிறவராக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்; ஆனால் முதல் வாரத்தில் நல்ல துணியைத் தொடாதீர்கள். சமூக மன்றத் தையல் வகுப்பில் சேர்பவர்கள், ஆசிரியரிடம் முதல் நாளே தங்கள் கை எது என்று சொல்லிவிடுவது நல்லது. ஆசிரியருக்கு எதிரே நின்று பார்த்தால், அவர் செய்வது கண்ணாடியில் தெரிவதுபோல் உங்கள் கைக்கு நேராக வந்துவிடும். உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இடக்கையால் கிரயான் பிடிப்பதைக் கண்டால், பள்ளியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகும் முன்பே, மழுங்கிய முனை கொண்ட சிறிய இடக்கைக் கத்தரி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். விலை சில வெள்ளிதான். அந்தப் பிள்ளைக்குக் கத்தரி வராது என்று எவரும் முடிவு செய்வதற்கு முன் அது கையில் இருக்க வேண்டும்.

சாணை பிடிக்கக் கொடுக்கும்போது, இது இடக்கைக் கத்தரி என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், கைப்பிடியில் எழுதியும் ஒட்டுங்கள். எங்கள் கத்தரிக்கு இரண்டாம் சாணை சென்ற மாதம் வந்தது. நான் பெருவிரைவு ரயிலில் போய்க் கொடுத்துவருவதாகச் சொன்னேன். அப்பா கேட்கவில்லை, துணியில் சுற்றித் தம் பைக்குள் வைத்துக்கொண்டு என்னோடு வந்தார். சாணைக்காரர் கத்தரியை வாங்கி இயந்திரத்தின் பக்கம் திரும்பியபோது, அவர் கையைப் பிடித்து நிறுத்தி, அலகைத் திறந்து காட்டி, "இது என் மகளோடது, இடக்கைக் கத்தரி. சாய்வு இந்தப் பக்கம் வரணும்" என்றார். வேலை முடியும் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.